தண்டப்பணத்தை நிறுத்திய ஒரு வன்னி நூலகம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

வன்னியில் ஒரு பெரிய குளத்தின் கீழுள்ள வயற்கிராமங்களுக்கும் கடற்கரைக் கிராமங்கள் இரண்டுக்கும் பொதுவான பிரதேச சபை நூலகம் ஒன்றில் நடந்தது இது. நூலகர், நூலக உதவியாளர், சுகாதாரத் தொழிலாளி என மூவர்தான் ஆளணி. இரவல் பகுதி, சிறுவர் பகுதி, உசாத்துணைப் பகுதி, பத்திரிகை மேசை எல்லாம் ஒரே மண்டபத்தில். கணினிப் பதிவு கிடையாது.

புத்தகம் இரவல் கொடுப்பது பிறவுண் முறையில். புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒட்டிய பையில் புத்தக அட்டை இருக்கும். வாசகருக்குக் கொடுக்கப்படுவது ஒரு சிறு உறை; ஒரு புத்தகத்துக்கு ஒன்றாக ஆளுக்கு இரண்டு உறை. வழங்கும்போது புத்தக அட்டையை வாசகரின் உறைக்குள் செருகி, மீளவேண்டிய திகதிக்குரிய வழிகாட்டி அட்டைக்குப் பின்னால் மரத்தட்டில் நிறுத்துவார்கள். புத்தகம் திரும்பினால் அட்டை பைக்குப் போகும், உறை வாசகர் கைக்குப் போகும். இதை விரித்துச் சொல்லக் காரணம் உண்டு: பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்தத் தட்டைப் பார்த்து எடுத்தவை.

தவணை 14 நாள். பிந்தினால் ஒரு புத்தகத்துக்கு நாளொன்றுக்கு 2 ரூபா தண்டப்பணம். அங்கத்துவ விண்ணப்பத்தில் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு, அரச ஊழியர் ஒருவர் அல்லது சோலைவரி செலுத்துபவர் ஒருவர் பிணை நிற்க வேண்டும். நிலுவையுள்ள வீட்டிலிருந்து இன்னொருவருக்கு அங்கத்துவம் கொடுப்பதில்லை என்பது எழுதப்படாத வழக்கம். ஆறு மாதத்துக்கு மேல் பிந்தியோரின் பெயர்ப்பட்டியல் அறிவிப்புப் பலகையில் தொங்கும்.

2 ரூபா சின்னக் காசு என்று தோன்றும். இரண்டு புத்தகத்தை 90 நாள் பிந்திக் கொண்டுவரும் பிள்ளைக்கு அது 360 ரூபா. அந்தப் பிள்ளை பிந்துவதற்கு வன்னியில் காரணம் தேடத் தேவையில்லை. ஒக்டோபரில் காலபோக விதைப்பு, பெப்ரவரி மார்ச்சில் அறுவடை. அந்த நாட்களில் குடும்பம் வயற்காவற் கொட்டிலில்தான் இருக்கும். நவம்பர் டிசம்பரில் மழை. குளம் வான் பாய்ந்தால் தாழ்ந்த பாதைகளில் சைக்கிள் ஓடாது. கரைவலைத் தொழில் தொடங்கினால் கடற்கரைக் குடும்பங்கள் வாடிக்கு, அதாவது கரையோரத் தற்காலிகக் குடிலுக்கு, போய்விடும். 2020இல் ஊரடங்கு, 2022இல் எரிபொருள் இல்லாமல் பஸ் நின்றது. 14 நாள் தவணை, நூலகத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குப் பொருந்தும் தவணை.

தட்டில் கண்டது

ஜனவரிப் பொருட்கணக்கெடுப்பில், அலுமாரியில் இல்லாத புத்தகங்களின் தொகை முந்திய ஆண்டைவிடக் கூடியிருந்தது. வழக்கமாக இதன் பின் பிணையாளர்களுக்குக் கடிதம் போகும். இம்முறை நூலகர் கடிதம் அனுப்புவதை நிறுத்திவைத்து, தட்டுகளை மேசையில் வெளியே எடுத்தார்.

முதல் வேலை, பிந்திய உறைகளை மூன்றாகப் பிரித்தது: ஒரு கிழமைக்குள் பிந்தியவை, ஒரு மாதத்துக்குள் பிந்தியவை, அதற்கும் மேல். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தண்டப்பணம் கட்டியவர்கள் பெரும்பாலும் முதல் வகை. 6 ரூபா, 10 ரூபா, 14 ரூபா என்று எழுதியிருந்தது. ஒரு மாதம் தாண்டியவர்களின் பற்றுச்சீட்டு மிக அரிது. தொகை ஏறியதும் புத்தகம் திரும்புவது நின்றிருந்தது.

இரண்டாவது வேலையில் பெரிய விடயம் ஒன்று தெரிந்தது. ஒருவரின் இரண்டு உறையும் பழைய திகதிக்குப் பின்னால் கிடந்தால், அவர் நூலகத்தைப் பயன்படுத்தவே இல்லை. ஓர் உறை மட்டும் கிடந்தால், மற்ற உறை அண்மைய திகதிகளில் இருக்கிறதா என்று தேட வேண்டும். அப்படித் தேடியபோது இரண்டாவது உறை அநேகமாக எங்கும் இல்லை. ஒரு புத்தகம் மட்டுமே பிந்தியவர், இன்னொன்று எடுக்க உரிமை இருந்தும் எடுக்க வரவில்லை. அதுவரை தட்டின் பின்வரிசையை நூலகம் தொலைந்த புத்தகங்களின் பட்டியலாகத்தான் பார்த்தது. உண்மையில் அது தொலைந்த வாசகர்களின் பட்டியலும் கூட. அதில் பாதிக்கு மேல் சிறுவர் பகுதியின் உறைகள்.

மூன்றாவதாக உறைகளைக் கிராமவாரியாக அடுக்கினார்கள். நூலகத்திலிருந்து தூரம் கூடக் கூட அடுக்கு உயர்ந்தது.

வீடுகளில் தெரியவந்தவை

ஏப்ரல் விடுமுறையில், நெல்வெட்டு முடிந்து சிறுபோகம் தொடங்குமுன், நூலகரும் வாசகர் வட்ட உறுப்பினர் இருவரும் மூன்று கிராமங்களில் வீடுவீடாகப் போனார்கள். புத்தகம் கேட்டுப் போகவில்லை, விவரம் கேட்டுத்தான் போனார்கள். இந்த வேறுபாட்டை முதலே தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டது நல்லதாயிற்று. புத்தகம் கேட்டுப் போயிருந்தால் படலை திறந்திருக்காது.

பல வீடுகளில் புத்தகம் பத்திரமாக இருந்தது. சிமெந்துப் பையிலோ உடுப்புப் பெட்டியிலோ சுற்றி வைத்திருந்தார்கள். கொண்டுபோனால் எவ்வளவு கட்டவேண்டும் என்று தெரியாததுதான் தடை. தொகையைச் சரியாகச் சொன்னவர் எவரும் இல்லை. எல்லோரும் உண்மையானதைவிடக் கூட்டியே நினைத்திருந்தார்கள். தறப்பாளுக்குக் கீழே மழைநீர் வந்து நனைந்த புத்தகத்தை வைத்திருந்த ஒரு தாய், நனைந்ததற்கும் பிந்தியதற்கும் சேர்த்துப் பொலிஸ் வரும் என்று நம்பியிருந்தார். அக்கா பிந்தியதால் தம்பிக்கு அங்கத்துவம் மறுக்கப்பட்ட வீடுகள் இருந்தன. பிணை நின்ற ஆசிரியரைக் கண்டால் ஒழுங்கையை மாற்றிப் போகும் பிள்ளை ஒன்றும் இருந்தது. பலகையில் பெயர் தொங்கியது எல்லோருக்கும் நினைவிருந்தது. வாசிக்கத் தெரியாத பேத்தியாருக்கும்.

எடுத்த முடிவும் விட்ட வழிகளும்

நூலகர் சபைச் செயலாளருக்கு எழுதிய குறிப்பில் நான்கு வழிகளை எடைபோட்டிருந்தார்.

தண்டப்பணத்தை 5 ரூபாவாக உயர்த்துவது ஒன்று. சபை உறுப்பினர் ஒருவர் இதை வலியுறுத்தினார். தட்டின் சான்று இதற்கு நேரெதிராக இருந்தது: ஏறும் தொகைதான் புத்தகத்தை வீட்டில் நிறுத்துகிறது.

உச்சவரம்பு வைப்பது இரண்டாவது. 50 ரூபாவுக்கு மேல் ஏறாது என்பதுபோல. இது ஓரளவு நியாயமானது. ஆனால் காசு வாங்கும்வரை பற்றுச்சீட்டு எழுதி, நாளாந்த அறவீட்டுப் பதிவில் ஏற்றி, சபையின் காசாளரான சிறாப்பரிடம் ஒப்படைக்கும் வேலை நிற்காது. 6 ரூபாவுக்கும் அதே வேலைதான். ஒப்படைக்கப் போகும் அரைநாளில் நூலகத்தில் ஓர் ஆள் குறைவு.

மூன்றாவது, ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் மட்டும் விலக்கு. பலர் இதையே விரும்பினார்கள், விழாவோடு சேரும் என்பதால். நூலகர் மறுத்ததற்குக் காரணம் காலம்: ஒக்டோபர் விதைப்பு மாதம். அதோடு, ஒரு முறை விலக்குக் கொடுத்தால் அடுத்த ஒக்டோபர் வரை புத்தகத்தை வைத்திருக்கலாம் என்ற பாடத்தையும் அது சொல்லிக்கொடுக்கும்.

நான்காவது, முற்றாக நிறுத்துவது. அயர்லாந்தின் பொது நூலகங்கள் எல்லாம் 2019 ஜனவரியில் தண்டப்பணத்தை நீக்கின; அதே ஆண்டு ஒக்டோபரில் சிக்காகோ நகர நூலகமும் நீக்கியது, நீண்டகாலம் பிந்திய புத்தகங்கள் அங்கே திரும்பி வந்தன. இவற்றைக் குறிப்பில் சேர்த்த நூலகர், ஓர் எச்சரிக்கையும் சேர்த்தார். அந்த நூலகங்களில் நினைவூட்டலையும் கணக்கை இடைநிறுத்துவதையும் கணினி செய்கிறது. இங்கே கையால் செய்ய வேண்டும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தை பராமரிப்பு நிலையங்களில் நடந்த, 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும் இதற்குப் பொருந்தும். பிந்தி வரும் பெற்றோருக்குத் தண்டம் விதித்தபோது பிந்துவது கூடியது. தண்டத்தை எடுத்த பிறகும் அது குறையவில்லை. காசு போட்டதும் கடமை விலையாகிவிடுகிறது, விலையை எடுத்தாலும் கடமை தானாகத் திரும்புவதில்லை. ஆகவே தண்டப்பணம் இருந்த இடத்தில் வேறு ஒழுங்கு வேண்டும் என்பதே குறிப்பின் சாரம்.

சபையில்

இந்த இடத்தில்தான் பல நூலகங்களின் முயற்சி நின்றுபோகிறது. தண்டப்பணத்தை நூலகர் தன் விருப்பில் விடமுடியாது. விட்டால் கணக்காய்வு ஐயவினா அவர் பெயருக்கு வரும். முதலில் பார்க்கவேண்டியது, தொகை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பது. உபவிதியில் நேரடியாகத் தொகை இருந்தால் திருத்தமும் வர்த்தமானியும் வேண்டும், காலம் இழுக்கும். இங்கே உபவிதி உச்சத்தொகையை மட்டும் சொன்னது. நடைமுறைத் தொகையைச் சபை ஆண்டுதோறும் பாதீட்டோடு தீர்மானித்து வந்தது. எனவே அடுத்த ஆண்டுக்கான கட்டணப் பட்டியலில் அந்த வரிக்கு எதிரே பூச்சியம் என்று தீர்மானிக்க முடிந்தது.

பழைய நிலுவை அடுத்த கேள்வி. கணக்குப் பிரிவு முகாமைத்துவ உதவியாளர் பேரேட்டைப் பார்த்து, தண்டப்பணம் வசூலானபோது மட்டும் வருமானமாகப் பதியப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். நிலுவை என்று ஒரு கணக்கே இல்லாததால் பதிவழிக்கவும் எதுவும் இல்லை. ஆனால் திரும்பாத புத்தகங்கள் சபையின் சொத்து. அவற்றைப் பொருட்கணக்கெடுப்பின் வழியாகத்தான் கழிக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் முதற்கூட்டத்தில் தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாம் கூட்டத்துக்கு நூலகர் ஒரே பக்கத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார்: பிந்தியதற்குக் காசு இல்லை; தொலைந்தால் அதே புத்தகம் அல்லது இன்றைய விலை; அங்கத்துவக் கட்டணத்தில் மாற்றம் இல்லை. தீர்மானம் நிறைவேறியது. நடைமுறைத் திகதி ஜனவரி 1.

புதிய ஒழுங்கு

தவணை 21 நாள். வேறொருவர் கேட்டிராவிட்டால் தொலைபேசியில் இரண்டு முறை புதுப்பிக்கலாம். அப்படியானால் ஒரு புத்தகம் 63 நாள் வரை தங்கும். ஒரு வெட்டுக்காலம் கடக்க அது போதும்.

திகதி கடந்த 3ஆம் நாள் ஓர் அழைப்பு. 15ஆம் நாள் இன்னொன்று. 30ஆம் நாள் கடிதம், பிள்ளையென்றால் பெற்றோர் பெயருக்கு. 45ஆம் நாள் வாசகர் வட்டத்தவர் வீட்டுக்குப் போவார். 60ஆம் நாள் புத்தகம் தொலைந்ததாகக் கருதி விலை அறிவிக்கப்படும். அதன் பின் எப்போது புத்தகம் வந்தாலும் அந்த அறிவித்தல் தானாக இரத்து.

இடைநிறுத்தத்துக்குத் தனி விதி எழுதவில்லை. வாசகரின் உறை தட்டில் இருக்கும்வரை அந்த உறையால் வேறு புத்தகம் எடுக்க முடியாது, அதுவே போதும். ஒரு புத்தகம் வீட்டில் தங்கிப்போன பிள்ளை மற்ற உறையால் இன்னொன்று எடுக்கலாம். உதவியாளர் இதை முதலில் எதிர்த்தார், இரண்டும் போய்விடும் என்று. போகக்கூடியது அதிகமாக இரண்டு புத்தகம். பிள்ளை வருவது நின்றால் இழப்பு அதைவிடப் பெரிது என்பதே நூலகரின் பதில். எங்கள் பார்வையில் இந்த ஒழுங்கில் மிகச் சரியான முடிவு இது.

வீட்டு நிலுவையால் உடன்பிறந்தோருக்கு அங்கத்துவம் மறுக்கும் வழக்கம் நீக்கப்பட்டது. பெயர்ப்பட்டியல் பலகையிலிருந்து எடுக்கப்பட்டது. வட்ஸ்அப் குழுவிலும் ஒருவரின் பெயரையோ அவர் எடுத்த புத்தகத்தையோ போடுவதில்லை, அழைப்பு மட்டும்.

நனைந்த புத்தகத்துக்குத் தனி ஒழுங்கு வேண்டியிருந்தது. எழுத்து முழுவதும் வாசிக்க முடிந்தால் கட்டணம் இல்லை. ஈரப் புத்தகத்தை வெயிலில் போடக்கூடாது. தாள் சுருண்டு பசை விடும். நிழலில் நிமிர்த்தி விசிறிபோல் விரித்து, பத்திருபது தாளுக்கு ஒரு பத்திரிகைத்தாள் செருகி, தாள் ஈரமானதும் மாற்ற வேண்டும். பூஞ்சணம் கண்டால் தனியே வைத்து, காய்ந்தபின் வெளியில் நின்று மென்தூரிகையால் தட்ட வேண்டும்; மற்றப் புத்தகங்களோடு சேர்த்தால் அலுமாரி முழுவதும் பரவும்.

தூரக் கிராமங்களில் ஒரு முன்பள்ளியிலும் ஒரு கூட்டுறவுக் கடையிலும் மீள்பெட்டி வைக்கப்பட்டது. ஒட்டுப்பலகைப் பெட்டி, வாய் முன்புறம் சரிந்து, மேலே பழைய ரியூப் றப்பர் மடல், சாரல் உள்ளே போகாமல். கால்கள் கழிவெண்ணெய் ஊற்றிய பேணிகளில் நிற்கும். இல்லாவிட்டால் கறையான் ஒரு கிழமையில் அடியைத் தின்றுவிடும். பெட்டியைச் சுவரோடு முட்ட வைக்கக் கூடாது, கறையானுக்குச் சுவரும் ஒரு பாதை. கிழமைக்கு இருமுறை திறப்பார்கள்.

தொடங்கிய பின்

ஜனவரி முழுவதும் அநேகமாக ஒன்றும் நடக்கவில்லை. அறிவித்தல் நூலகச் சுவரில் இருந்தது; வராமல் நின்றவர்கள் அதைக் காணும் இடம் அதுவல்ல. பெப்ரவரியில் வழி மாற்றினார்கள்: பாடசாலைக் காலைக்கூட்டம், கோயில், தேவாலய ஒலிபெருக்கி, தாய்சேய் சிகிச்சை நாள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கக் கூட்டம். பிணையாளர்களுக்குத் தனித்தனியே சொல்லப்பட்டது. புத்தகங்கள் மார்ச்சில் வெட்டு முடிந்ததும் வரத் தொடங்கின. முதலில் பெட்டிகளுக்குள், ஆள் தெரியாமல், பிறகு கையால்.

பெட்டியில் வந்த புத்தகங்களுக்கிடையே, இடம்பெயர்வுக்கு முந்திய நூலக முத்திரையோடு ஒன்றும் வந்தது. 2008, 2009இல் மக்கள் கைவிட்டுப் போன பொருட்களோடு நூலகத்துக்கு வந்த புத்தகங்களை இலக்கமிட்டுப் பதியும் பழைய சேர்வுப் பதிவேடும் போய்விட்டதால் அதன் இலக்கத்தைச் சரிபார்க்க வழியில்லை. பழைய முத்திரையை அழிக்காமல், புதிய சேர்வு இலக்கம் கொடுத்து, அன்பளிப்பு என்ற நிரலில் பதிந்தார்கள். அப்படிச் செய்ததுதான் முறை. முத்திரையைக் கிழித்து ஒட்டியிருந்தால் அந்தப் புத்தகத்தின் வரலாறு போயிருக்கும்.

தவறியவையும் உண்டு. தவணை மாறிய மாதத்தில் 14 நாள், 21 நாள் அட்டைகள் ஒரே தட்டில் கலந்து, பிந்தாதவர்களுக்கு அழைப்புப் போனது. புதிய தவணைக்கு வேறு நிற வழிகாட்டி அட்டை போட்ட பிறகு சரியானது. தொலைபேசி இலக்கங்களில் பல வேலைசெய்யவில்லை; புத்தகம் வழங்கும்போதே இலக்கத்தைக் கேட்டு விண்ணப்பத்தில் பென்சிலால் திருத்தும் பழக்கம் ஏப்ரலில் வந்தது.

கவுண்டரில் காசு நின்றாலும் ஏச்சு நிற்கவில்லை. ஏன் பிந்தியது என்று எல்லோருக்கும் கேட்கும்படி விசாரிப்பதும் ஒரு தண்டம்தான். புத்தகத்தை வாங்கியதும் உறையைக் கையில் கொடுத்து, “வேற புத்தகம் பாக்கிறீங்களா தங்கச்சி?” என்று மட்டும் கேட்பது என்று முடிவாயிற்று. உதவியாளருக்கு இது பழக இரண்டு மாதமானது. பழகியபின் அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரும் அவரே.

கடுமையான சிக்கல் உயர்தரப் பயிற்சி நூல்களில் வந்தது. ஒரு பாடசாலைத் தவணை முழுவதும் ஒருவரே வைத்திருக்க, மற்றவர்கள் காத்திருந்தார்கள். தண்டப்பணம் இருந்தபோதும் இது நடந்தது. ஆனால் இப்போது முறைப்பாடு தண்டப்பணத்தை நிறுத்தியதன் மேல் விழுந்தது. தீர்வாக ஒரு பிரதி உசாத்துணைக்கு மாற்றப்பட்டது. மற்றவை 7 நாள், ஆளுக்கு ஒன்று, புதுப்பித்தல் இல்லை. முதுகில் சிவப்பு ஒட்டு. இவற்றுக்கு அழைப்பு மறுநாளே போகும்.

ஓராண்டின் முடிவில்

அடுத்த பொருட்கணக்கெடுப்பில் தட்டின் பின்வரிசை வெகுவாகச் சுருங்கியிருந்தது. ஒரு கிழமைக்குள் பிந்துவது சற்றுக் கூடியது. இதை மறைக்கத் தேவையில்லை. 21 நாளில் வரவேண்டிய நாவல் 25ஆம் நாள் வருகிறது. காத்திருப்போர் இல்லாத புத்தகத்துக்கு அதனால் கேடில்லை. தண்டப்பண வருமானம் போனதைச் சபையில் யாரும் எழுப்பவில்லை. சிறாப்பரிடம் போகும் அரைநாள் இப்போது வீடு போவதற்குப் பயன்படுகிறது.

திரும்பாத புத்தகங்கள் இன்னும் உண்டு. ஊரைவிட்டுப் போன குடும்பங்களின் புத்தகங்களைக் கணக்கெடுப்புச் சபை கழிக்கப் பரிந்துரைத்தது. 60ஆம் நாள் விலை அறிவித்தல் கிடைத்தவர்களில் சிலர் பழையபடி வராமல் நின்றார்கள். ‘விலை’ என்ற சொல்லே அச்சமூட்டியது. கடிதத்தின் முதல் வரியை, புத்தகம் கிடைத்தால் ஒன்றும் கட்டத் தேவையில்லை என்று மாற்றி எழுதினார்கள்.

மறுபடி செய்வதானால்

பிணையாளர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும், வாசகருக்குப் பிறகு. மீள்பெட்டிகள் அறிவித்தலுக்கு முன்பே இருக்க வேண்டும். ஜனவரிக்குப் பதில், வெட்டு முடிந்த ஏப்ரலில் தொடங்குவது நல்லது. பாதீட்டு ஆண்டுக்காக ஜனவரி எடுத்தது கணக்குக்கு வசதி, வாசகருக்கு இல்லை. மாற்றத்துக்கு முன் தட்டை எண்ணியதுபோல, அங்கத்துவம் மறுக்கப்பட்ட பிள்ளைகளையும் எண்ணியிருக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாததால், எத்தனை பேர் புதிதாக உள்ளே வந்தார்கள் என்று சபைக்குக் காட்ட முடியவில்லை.

பிணை விதி இன்னும் விண்ணப்பத்தில் இருக்கிறது. அது உபவிதிக்குள் எழுதப்பட்டது. பூச்சியம் போட்டு மாற்ற முடியாது. திருத்த வரைபு சபையிடம் உள்ளது. அதுவரை வாசகர் வட்டத்திலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் சனிக்கிழமை காலைகளில் நூலகத்துக்கு வந்து, பிணைக்கு ஆளில்லாத பிள்ளைகளின் விண்ணப்பங்களில் கையொப்பமிடுகிறார்கள்.